மாமா அன்இன்ஸ்டால் செய்த ஆப்

எடை குறைக்க எந்த ஆப் நல்லதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ரேட்டிங் எதுவும் கொடுக்கப் போறதில்ல. எங்க மாமா கதையைச் சொல்றேன்.

மாமா நாமக்கல்ல லாரி டிரைவர். வயசு 52. போன வருஷம் டெஸ்ட் எடுத்தப்ப சர்க்கரை பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் என்ஜினியர் ஆச்சே, சும்மா இருப்பேனா? ஒரு கலோரி ஆப் போட்டு, கையில ஒரு பேண்டும் கட்டிவிட்டேன். விடிய விடிய வண்டி ஓட்டிட்டு அவர் படுக்கிற நேரம் காலை 6 மணி. அப்பதான் அது "வாக்கிங் போகலாமா?"ன்னு கேட்கும். தட்டு வடை செட்டுன்னு தேடினா மெதுவடையைக் காட்டும். மூணே வாரம். "மாப்ள, இதுக்கு என் வண்டி ஹார்னே பரவால்ல"ன்னு அன்இன்ஸ்டால் பண்ணிட்டார்.

கத்துறதைக் கூட மன்னிக்கலாம். அந்த ஆப் செஞ்ச பெரிய தப்பு வேற. மாமா 165 சென்டிமீட்டர், 66 கிலோ. பிஎம்ஐ சுமார் 24. உலகம் முழுக்க 25-க்குக் கீழ நார்மல்னு வெச்சிருக்கிறதால ஆப் பச்சை கலர் காட்டிருச்சு. ஆனா இந்தியர்களுக்கு 23-லயே அதிக எடை, 25-ல உடல் பருமன்னு நம்ம ஊர் டாக்டர்கள் 2009-லயே வரையறை கொடுத்துட்டாங்க. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டக் கூடாது. டைலர் டேப் வெச்சு அளந்தா மாமாவுக்கு 96.

இதுக்கு ஒரு பிரபலமான படமே இருக்கு. 2004-ல லான்செட் இதழ்ல வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்புல கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே நம்பர், ரெண்டு உடம்பு.

சரி, போன் வெச்சு நம்ம ஊர்ல எதுதான் வேலை செஞ்சிருக்கு? தேடினப்ப கிடைச்சது ஆப் இல்ல, வெறும் எஸ்எம்எஸ்! சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, லண்டன் இம்பீரியல் காலேஜோட சேர்ந்து செஞ்ச ஆய்வு. 2009-ல ஆரம்பிச்சு, தொழிற்சாலைகள்ல வேலை பார்த்த 8,741 ஆண்களைப் பரிசோதிச்சு, சர்க்கரை எல்லையில இருந்த 537 பேரை ரெண்டு குழுவா பிரிச்சாங்க. எல்லாருக்கும் முதல்ல நேர்ல அறிவுரை. ஒரு குழுவுக்கு மட்டும் கூடவே தொடர்ந்து மெசேஜ். ரெண்டு வருஷத்துல மெசேஜ் வந்த குழுவில 18 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்துச்சு, மத்த குழுவில 27 சதவீதம். அதாவது 11 பேருக்கு அனுப்பினா ஒருத்தருக்கு வராம தடுக்கலாம். ஆண்கள்கிட்ட மட்டும் செஞ்ச ஆய்வுங்கிறதை மறந்துடாதீங்க.

எனக்குப் பிடிச்ச விஷயம் அந்த மெசேஜை எழுதின விதம். ஒருத்தர் மாறணும்னு இன்னும் யோசிக்கவே இல்லையா, யோசிச்சுட்டு இருக்காரா, ஏற்கனவே ஆரம்பிச்சுட்டாரான்னு பார்த்து அதுக்கேத்த மாதிரி அனுப்பினாங்க. பலன் பெரும்பாலும் சாப்பாடு மாறினதால வந்ததாம், உடற்பயிற்சியால இல்ல. பேண்ட் வாங்கின எனக்கு இது கொஞ்சம் வலிச்சுது.

அதனால மாமாகிட்ட ஒரே கேள்வி கேட்டேன்: "எந்த நேரத்துல கை கட்டுக்கு அடங்க மாட்டேங்குது மாமா?" "ராத்திரி ஒம்பதரை, பரோட்டா கடை"ன்னார். கூகுள் மெசேஜஸ்ல அனுப்பற பட்டனை அழுத்திப் பிடிச்சா நேரம் குறிச்சு வைக்கலாம். வாரம் மூணு நாள், ஒன்பது மணிக்கு: "மாமா, பரோட்டா ரெண்டோட போதும். நம்மூர் முட்டை ரெண்டு சேர்த்துக்கோங்க." வீட்டுல அத்தை சாயந்தர ஜவ்வரிசி பாயசத்தைக் குறைச்சாங்க. அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்துதான், சேலத்துக்காரன் நானே சொல்றேன்.

மூணு மாசம் ஆச்சு. எடை ஒரு கிலோதான் குறைஞ்சிருக்கு. இடுப்பு 93. ஒருத்தரை வெச்சு இது ஆய்வு ஆகாது, தெரியும். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்காம சாப்பாட்டை மாத்தாதீங்க.

போன வாரம் மெசேஜ் போட மறந்துட்டேன். ஒன்பதே காலுக்கு மாமாவே போன் பண்ணினார்: "என்ன மாப்ள, இன்னைக்கு எத்தனை பரோட்டா?"