மோட்டார் வண்டியின் மூச்சு



மோட்டார் வண்டி பெற்றோலினால் ஓடுகின்றது என்பது பாதி உண்மையே. காற்றோடு தக்க அளவிற் கலந்த பின்னரே பெற்றோல் எரிந்து வலுவைத் தருகின்றது. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். இவ்விரண்டையும் அளந்து கலக்கும் கருவியே காபுரேற்றர். இன்றைய வண்டிகளில் அதன் இடத்தை மின்னணு முறையாற் பெற்றோலைப் பீச்சும் கருவிகள் பெற்றுவிட்டன. ஆயினும், பழைய விரைவு வண்டிகளைப் பேணுவோர் காபுரேற்றரை வீட்டிலேயே கழற்றிப் புதுப்பித்து வருகின்றனர்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1962ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.ஜி.பி. என்னும் ஆங்கிலேய வண்டி. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. முதலில் வந்த வண்டிகளின் 1798 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தில், 1½ அங்குல வாயுடைய எஸ்.யூ. காபுரேற்றர்கள் இரண்டு பொருத்தப்பட்டிருந்தன. எஸ்.யூ. என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். காலணி வணிகம் செய்த குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்களே இதனை ஆக்கியோர். அவர்களது தொடக்ககாலக் கருவியில் தோலாலான துருத்தி இருந்தது. பின்னர் உலோகப் பிஸ்டன் அதன் இடத்தைப் பெற்றது.

இதன் அமைப்பு எளிது. இயந்திரம் காற்றை இழுக்கும்போது, மணி போன்ற மூடியினுள் இருக்கும் பிஸ்டன் மேலெழுகின்றது. அதன் அடியிலுள்ள கூரிய ஊசி, பெற்றோல் வரும் துளையினுள் நிற்கின்றது. பிஸ்டன் உயர உயர, ஊசியின் மெல்லிய பகுதி துளைக்கு வருவதால் கூடுதலான பெற்றோல் வெளிப்படுகின்றது. ஆகவே காற்றின் அளவே பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கின்றது.

இக்கருவியைக் கழற்றுவது கடினமன்று. கழற்றியதை அதனதன் இடத்தில் மீளச் சேர்ப்பதே திறமை. முதலில், அடுப்போ விளக்குச் சுடரோ அணுகாத காற்றோட்டமான இடம் வேண்டும். பெற்றோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. நிலத்தோடு படர்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். அடுத்து, இரண்டு காபுரேற்றர்களுக்கும் இரண்டு தனித்தட்டுகள் வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனும் அதனதன் மூடிக்கென்றே பொருத்தப்பட்டது. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், ஒன்றன் பிஸ்டனை மற்றதன் மூடியில் இடலாகாது. அழுக்கை நீக்கத் துணியும் கழுவுதிரவமும் போதும். எமரித் தாளாற் பளபளப்பாக்க முற்படுவோர், அழுக்கோடு அளவையும் தேய்த்துவிடுவர்.

தேய்ந்த ஊசி, துளைக்குழல், மிதவை அறையின் அடைப்பான், இறுகிய றப்பர் வளையங்கள் ஆகியவற்றை மாற்ற வேண்டும். பெரிய பிரித்தானியாவில் 2021 செப்டெம்பரிலிருந்து சாதாரண பெற்றோலில் 10 சதவீதம்வரை எதனோல் கலக்கப்படுகின்றது. அது பழைய றப்பரைக் கெடுப்பதால் எரிபொருட் குழாய்களையும் சோதித்தல் அவசியம். காற்றுவழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு ஆடுமாயின், அதன் துளையைக் கடைந்து புதிய உள்வளையம் இட வேண்டும். அது பட்டறையின் வேலை. அத்தகட்டைப் பிடிக்கும் இரு சிறு திருகாணிகளின் பிளந்த நுனிகளை விரித்துவிட மறத்தலாகாது. தவறினால் ஆணி கழன்று சிலிண்டருக்குள் விழும். சில ரூபாய்ப் பொருள் முழு இயந்திரத்தையும் பாழாக்கும்.

சேர்த்த பின்னர், பிஸ்டனை உயர்த்தி விட்டால், 'டக்' என்னும் தெளிவான ஒலியுடன் அது விழுதல் வேண்டும். ஒலி கேளாவிடில், ஊசி துளையின் நடுவில் நிற்கவில்லை என்பது பொருள். துளைக்குழலை மீண்டும் நடுப்படுத்திய பின்னரே மேலே செல்லலாம். மூடியின் நடுக்குழாயில் மெல்லிய எண்ணெய் இடுதலும் வேண்டும். அது பிஸ்டன் திடீரெனத் துள்ளுவதைத் தடுக்கின்றது.

இறுதியில் இரண்டையும் ஒத்திசையச் செய்தல் வேண்டும். இயந்திரம் மெதுவாக ஓடும்போது, றப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபுரேற்றரின் வாயிலும் வைத்தால், காற்று சீறும் ஒலி கேட்கும். இரண்டிலும் ஒரே அளவான ஒலி வரும்வரை திருத்த வேண்டும். பின்னர் ஒரு பிஸ்டனைச் சிறிதளவே, அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு உயர்த்திப் பார்க்க வேண்டும். வேகம் கூடி நிலைத்தால் பெற்றோல் மிகுதி. இயந்திரம் தளர்ந்தால் பெற்றோல் குறைவு. சிறிது கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. மற்றதையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும்.

தனித்தனியே சோதிப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்றில் பெற்றோல் மிகுந்து, மற்றதிற் குறைந்தால், புகைக்குழாயில் அனைத்தும் சரியானதுபோலவே தோன்றக்கூடும். ஒன்றன் குற்றத்தை மற்றது மறைத்துவிடும். இதற்கிடையே, பெற்றோல் குறைந்த பக்கத்துச் சிலிண்டர்கள் மிகையாகச் சூடேறும். வால்வுகள் கருகவும் கூடும்.

புதுப்பித்தல் என்பது எல்லாவற்றையும் மாற்றுவதன்று. தேய்ந்ததை மாற்றி, ஒன்றுக்கென்று அமைந்ததை அதனோடேயே வைத்து, கைக்கு அப்பாற்பட்டதைத் தக்கவரிடம் ஒப்படைப்பதே புதுப்பித்தல். இவ்வொழுங்கைக் காப்பவரின் கையில், அறுபது ஆண்டுகள் கடந்த இயந்திரமும் சீராக மூச்சுவிடும்.