உபுண்டு என்னும் சொல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆப்பிரிக்க மக்களின் ஒழுக்கநெறியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். ஆப்பிரிக்கா ஒரு நாடன்று. 54 நாடுகளையும் ஆயிரத்திற்கு மேற்பட்ட மொழிகளையும் உடைய பெருங்கண்டம். அதனை ஒரே பொதியாகக் கட்டிப் பேசுவது, காசி முதற் குமரி வரை உள்ளார் யாவரும் ஒரே உணவு உண்பர் என்பதனை ஒக்கும். ஆதலின் தென்னாப்பிரிக்காவில் வாழும் ஜூலு மக்களையும், அவர்தம் சொல் ஒன்றையும் மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். அவர்கட்கு நாம் முற்றும் அயலாரல்லேம். 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையினின்று சென்ற 'ட்ரூரோ' என்னுங் கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவரை இறக்கியது அவர்கள் வாழும் நேட்டால் கரையிலேதான்.

அச்சொல் 'உபுண்டு' என்பது. அதன் பகுதி 'ண்டு'. ணகரம் மொழிக்கு முதலாகாதே என்று இங்குள்ள புலவர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. பிறமொழிப் பகுதியாதலின் பொறுத்தருள்க. நாம் விகுதியைச் சொல்லின் பின்னே சேர்க்கின்றோம். அவர்கள் முன்னே சேர்க்கின்றார்கள். 'உமுண்டு' என்றால் மனிதன் ஒருவன். 'அபண்டு' என்றால் மனிதர் பலர். 'உபுண்டு' என்றால் மனிதனாயிருக்குந் தன்மை. வள்ளுவனார் ஆண்ட 'மக்கட்பண்பு' என்னுஞ் சொல்லே இதற்கு மிகவும் அணித்து.

'உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு' என்பது அவர்தம் பழமொழி. மனிதன் பிற மனிதரால் மனிதனாகின்றான் என்பது அதன் பொருள். ஒருவர்க்கொருவர் உதவுக என்னும் அறிவுரையாக மட்டும் இதனைக் கொள்வார் உளர், அவ்வளவில் அமைவதன்று. பிறப்புத் தருவது உடம்பை. மனிதத்தன்மையோ பிறரோடு ஒழுகும் ஒழுக்கத்தால் நாடோறும் ஈட்டற்பாலது. செல்வம் எவ்வளவு மிகுந்தாலும் கொடியவனாயின் அவனை 'மனிதன் அல்லன்' என்றே அவர்கள் சொல்லுவர். பிறப்பொன்றையே பற்றாகக் கொண்டு கூடியிருக்கும் நம் சங்கத்தார் இவ்விடத்தில் சற்றே நின்று நோக்குதல் தகும்.

இது வெறும் சொல்லளவில் நின்றதோவெனின், அன்று. ஜூலு மக்களுக்குப் பண்டு மாடே செல்வம். 'உகுசிசா' என்றொரு வழக்கம் அவர்களிடம் இருந்தது. மந்தை மிகவுடையான் சில பசுக்களை ஏழைக் குடும்பத்தாரிடம் விட்டுவைப்பான். பசு அவனுடையதே, பால் அவர்களுடையது. பிள்ளைகள் பாலருந்தி வளர்வார்கள். காலம் செல்ல, பராமரித்தமைக்காகக் கன்றொன்று கொடுப்பதுமுண்டு. அக்கன்றிலிருந்து அவ்வேழைக்குத் தனக்கென ஒரு மந்தை தோன்றவுங்கூடும். கொடுத்தவனுக்கும் ஊதியமுண்டு: மாடுகள் பல வீடுகளிற் பிரிந்து நிற்றலால், ஓரிடத்தில் நோய் புகுந்தாலும் எல்லாம் ஒருங்கே மடியா, மேய்ச்சல் நிலமும் ஓரிடத்திலேயே தேய்ந்துபோகாது. சோத்தோ மக்களும் இதனையே 'மாஃபிசா' என்ற பெயரால் வழங்கினர்.

இது தூய ஈகையன்று என்று குறை கூறலாம். நான் அதனாலேயே இதனைச் சிறப்புடையதென்பேன். கொண்டவன் இரவலன் ஆகவில்லை; கொடுத்தவனுடைய செல்வத்தைக் காப்பவனாகின்றான்; ஆகவே அவன் தலை கவிழ்வதில்லை. நாமோ ஏழை மாணவனுக்கு நிதி வழங்கும்போது, அவனை மேடையிலேற்றி, தந்தை பெயரும் தொகையும் உரக்கக் கூறிக் கைதட்டுகின்றோம். அவன் இறங்கிச் செல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்?

அவ்வழக்கங்களில் மாடும் மன்றமும் பெரும்பாலும் ஆடவர் கையிலேயே இருந்தன என்பதை மறைத்தலாகாது. அவையுந்தாம் நிலைத்தனவா? 1896-97-இல் பரவிய வெக்கை நோயால் தென்னாப்பிரிக்க மாடுகளிற் பெரும்பகுதி மாண்டது. 1913-ஆம் ஆண்டு நிலச்சட்டம், கருநிற மக்கள் நிலம் கொள்ளக்கூடிய பகுதியை நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழாகச் சுருக்கிற்று. ஆடவர் பலர் சுரங்கங்களுக்குச் சென்றனர். கொடுக்க மாடுமில்லை, கொண்டு மேய்க்க நிலமுமில்லை.

ஆயினும் சொல் பிழைத்தது. 1993-இல் இயற்றப்பெற்ற இடைக்கால அரசியற் சட்டத்தில் அது இடம்பெற்றது. 1995-இல் மரணதண்டனையை நீக்கிய தீர்ப்பில் நீதிபதிகள் அதனை எடுத்தாண்டனர். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் அமைந்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின்முன், அரசியற் குற்றம் புரிந்தோர் முழு உண்மையும் கூறின் தண்டனையினின்று விடுதலை பெறலாமென வைத்தனர். 1977-இல் போலீஸ் காவலில் இறந்த ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் இதனை எதிர்த்து வழக்காடி 1996-இல் தோற்றனர். அவர்கள் பக்கமும் நியாயமுண்டு. பண்பு என்று பேர் சொல்லி, பொறுக்குங் கடனை அடிபட்டவன் தலையிலேயே ஏற்றுவது எளிதன்றோ?

இதனினும் கடிய சோதனை 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்தது. பிழைப்புத் தேடி வந்த ஜிம்பாப்வே, மொசாம்பிக் முதலிய அயல்நாட்டு ஆப்பிரிக்கரைத் தென்னாப்பிரிக்க நகர்களில் கும்பல்கள் தாக்கின. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உபுண்டு என்ற சொல் வழங்கும் அந்நாட்டிலேயே இது நிகழ்ந்தது. தாக்கியவர்கள் பழமொழியை அறியாதவரல்லர். 'அபண்டு' என்பதனுள் யார் யார் அடங்குவர் என்பதிலேதான் வழக்கு. தம் கூட்டத்தார் மட்டுமே மனிதரென எண்ணிவிட்டால், அப்பழமொழியைச் சொல்லிக்கொண்டே பிறனை வெட்டலாம்.

அக்காலத்தில் ஜோஹனஸ்பர்க் நகரின் நடுவே மெதடிஸ்டு ஆலயமொன்று ஜிம்பாப்வே நாட்டு அகதிகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. அறைகள் நிறைந்தபின், பலர் இரவில் மாடிப்படிகளிலேயே படுத்து உறங்கினர்.