செல்லப்பா படம் எடுத்தாரா?

('சினிமா எடுக்கும் கதைகளில் நம் நெஞ்சில் நிற்பது காதலா? கேலியா?' என்ற தலைப்பில் சேலத்தில் நடந்த பட்டிமன்றத்தில், 'கேலியே' அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே காதலோடு அமர்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) டிக்கெட் இல்லாமல் உள்ளே விட்டதாலே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற சேலத்துப் பெருமக்களே!

எனக்கு முன்னாலே பேசிய அம்மையார் 'காதலிக்க நேரமில்லை' படத்தை எடுத்துக்கொண்டு, "தலைப்பிலேயே காதல் இருக்கிறது, பிறகு என்ன வழக்கு?" என்று கேட்டார். அம்மா, தலைப்பை முழுசாப் படிங்க. நேரமில்லைன்னுதானே போட்டிருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

1964-ஆம் ஆண்டு வந்த படம். ஸ்ரீதர் இயக்கம். அதற்கு முன்னாலே 'கல்யாண பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று எடுத்து, தாய்மார்களுடைய முந்தானையை எல்லாம் நனைய வைத்தவர். அவரே சித்ராலயா கோபுவோடு சேர்ந்து, வண்ணத்திலே ஒரு சிரிப்புப் படம் எடுத்தார். அந்தப் படத்திலே இரண்டு காதல் ஜோடி. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். நம்ம டி.எஸ். பாலையா. அவருக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன். அந்தப் பையன் செல்லப்பா, நாகேஷ், படம் எடுக்கப் போகிறேன் என்று கிளம்புகிறார். கம்பெனி பெயர் ஓஹோ புரொடக்ஷன்ஸ்.

இப்போ நான் கேட்கிறேன் நடுவர் அவர்களே. அந்த வீட்டிலே உண்மையிலே நடித்தது யார்? ரவிச்சந்திரன், வேலை போன ஏழைப் பையன். கோடீஸ்வரன் மகனாக நடிக்கிறார். முத்துராமன் சின்னப் பையன். அவர் நண்பனுக்காகக் கிழவர் வேஷம் கட்டி, கோடீஸ்வர அப்பாவாக நடிக்கிறார். மேக்கப் உண்டு, வசனம் உண்டு, ஒத்திகை உண்டு. அதாவது, காதலிக்கிறவன் எல்லாம் சினிமா எடுத்துக்கொண்டிருக்கிறான். 'நான் சினிமா எடுக்கிறேன்' என்று வெளிப்படையாகச் சொன்ன செல்லப்பாவுக்குத்தான் கேமராவும் கிடையாது, ஃபிலிமும் கிடையாது! (கைதட்டல்) பொய் சொன்னவனுக்குப் பொண்ணு கிடைக்குது. உண்மையைச் சொன்ன பையனுக்கு அப்பன்கிட்டே பத்துப் பைசா பெயரலை. இதைவிடப் பெரிய கேலி வேற என்ன வேணும்?

அந்தக் கதாநாயகியைப் பாருங்க. செல்லப்பா படத்துக்கு ஒப்பந்தமாகிற பெண் சச்சு. அவர் குழந்தை நட்சத்திரமாக இருந்து, 1962-லே 'வீரத்திருமகன்' படத்திலே கதாநாயகியாகவே வந்தவர். நிஜக் கதாநாயகியைக் கூட்டிவந்து, இல்லாத படத்துக்குக் கதாநாயகியாகப் போட்டார்கள். அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், அந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

செல்லப்பா அப்பாவிடம் பேய்க் கதை சொல்கிற காட்சி. இங்கே ஆயிரம் பேர் இருக்கீங்க. அதைப் பார்க்காதவங்க கையைத் தூக்குங்க... பாருங்க, ஒரு கை இல்லை. கதவு கிறீச்சிடுவதையும் காலடி ஓசையையும் காற்றையும் நாகேஷ் வாயாலேயே கொண்டுவருகிறார். பாதிப் படம் நாகேஷ் வாயிலே, மீதிப் பாதி பாலையா முகத்திலே. துணியைத் தோளிலே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அந்த மனுஷர் நடுங்குவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அறுபது வருஷம் தாண்டிப் போச்சு. அந்தப் படத்துக் காதல் வசனம் ஒன்று சொல்லுங்கள் என்றால் எதிரணி கொஞ்சம் யோசிப்பார்கள். செல்லப்பா கதை சொன்னதைச் செய்து காட்டு என்றால், கல்யாண வீட்டிலே தாத்தா, பேரன் இரண்டு பேரும் போட்டி போட்டுச் செய்கிறார்கள்.

அதே 1964-லே 'சர்வர் சுந்தரம்' வந்தது. பாலசந்தர் கதை, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். ஓட்டல் சர்வர் நடிகராகிற கதை. பாட்டுப் பதிவாகிற கூடத்தையே திரையிலே காட்டினார்கள். டி.எம்.எஸ். நின்று பாடுகிறார், எம்.எஸ்.வி. நடத்துகிறார். புகழ் வந்த பிறகும் சுந்தரத்துக்கு அந்தப் பெண் கிடைக்கவில்லை, கடைசியிலே மறுபடி சர்வராகவே நிற்கிறார். அங்கே காதல்தான் நெஞ்சிலே நிற்குதுங்க. ஒத்துக்கிறேன். அந்த ஒரு படத்தை எதிரணிக்கே கொடுத்துடறேன், பாவம் வெறுங்கையோட போக வேண்டாம். (சிரிப்பு)

சரி, இந்தக் கேலியை ஏன் சேலத்திலே நின்று பேசணும்? ஏற்காடு சாலையிலே போனால் ஒரு முகப்பு வளைவு தனியாக நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ். உள்ளே இருந்த இடமெல்லாம் வீடாகிவிட்டது. திருச்செங்கோட்டிலே பிறந்து, இங்கிலாந்திலே ஜவுளிப் படிப்புப் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம் கட்டியது. அவர் எடுத்தவுடனே போர்டு மாட்டவில்லை. முதலிலே கூட்டுச் சேர்ந்து கல்கத்தாவுக்குப் போய்ப் படம் எடுத்துத் தொழிலைப் பார்த்தார். பிறகுதான் இங்கே ஸ்டுடியோ. 1937-லே 'சதி அகல்யா'. 1938-லே 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும்படம் எங்க சேலத்திலே உருவானது. (கைதட்டல்) 1950-லே கலைஞர் வசனத்திலே 'மந்திரி குமாரி'. 1956-லே 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். நடிகர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் மாதச் சம்பளம். மில் நடத்துகிற மாதிரி சினிமா நடத்தினார். செல்லப்பாவிடம் இருந்தது பெயர்ப்பலகை. சுந்தரத்திடம் இருந்தது கணக்குப் புத்தகம். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரத்தைத்தான் ஸ்ரீதர் கேலி செய்தார்.

அந்தத் தூரத்தைத் தெரியாமல் நடந்து பார்த்தவர் என் தாய்மாமா. திருச்செங்கோட்டிலே ரிக் வண்டி வைத்திருந்தார். போர் போட ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போவார். ராத்திரி வண்டியடியிலே உட்கார்ந்து கதை சொன்னால், ட்ரில்லர் பையன்கள் சோற்றை மறந்து கேட்பார்கள். அதைக் கேட்ட ஒருவர், "அண்ணே, நீங்க படம் எடுக்கணும்"னு சொல்லிட்டார். ஒரு காதல் கதை. பூஜை போட்டாங்க. பதினோரு நாள் ஷூட்டிங். பன்னிரண்டாவது நாள் யாரும் வரலை. ரிக் வண்டி போச்சு. அத்தையோட நகை அடகுக் கடையிலே வட்டி குட்டி போட்டு முழுகிப் போச்சு. தாலிக்கொடியைக் கழற்றி, மஞ்சள் கயிற்றிலே தாலியைக் கோத்துக்கொண்டு அத்தை நாலு வருஷம் இருந்தாங்க. ஊர்லே யாரும் மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிடலை. "என்ன புரொடியூசரே"ன்னாங்க. இதுவும் கேலிதான். ஆனா இது கொல்ற கேலி. செல்லப்பா மாதிரி ஒரு கேலி முன்னாடியே மனசிலே தைத்திருந்தால் மாமா பிழைத்திருப்பார்.

மாமா இன்னைக்கும் அந்தப் படத்தை டி.வி.யிலே போட்டால் விடமாட்டார். ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "மாப்ள, பாலையா நடுங்கறது கதைக்கு இல்லடா. அடுத்து பணம் கேப்பானேன்னு!" (பலத்த சிரிப்பு)

போன வருஷம் அவர் பேரன், இன்ஜினியரிங் முடித்த பையன், "தாத்தா, நான் சென்னைக்குப் போறேன், படம் பண்ணப் போறேன்" என்று வந்து நின்றான். வீடே மூச்சடங்கி இருக்குது. அவன் அப்பா பெல்ட்டைத் தேடறார். மாமா மட்டும் சாய்வு நாற்காலியிலே நிமிர்ந்து, "கதை இருக்குதா? சொல்லு" என்றார்.

"டைட்டில் ரெடி தாத்தா."

"நானும் டைட்டில்லதான் கண்ணு ஆரம்பிச்சேன். யார்கிட்டயாவது ரெண்டு வருஷம் வேலை கத்துக்க. கதையோட வா. காசைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். அடி இல்லை, திட்டு இல்லை. நாகேஷும் பாலையாவும் சொல்லிக் கொடுத்த பாடம் நடுவர் அவர்களே! இதை எந்தக் காதல் காட்சி சொல்லிக் கொடுத்தது?

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கிறேன். பையன் பஸ் ஏறிப் போன பிறகு அத்தை மெதுவாகக் கேட்டாங்க: "ஏனுங்க, அவன் நெசமாவே கதையோட வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?"

மாமா துண்டை எடுத்துத் தோளிலே இறுக்கிப் போர்த்திக்கிட்டுச் சொன்னார்: "அதை நெனைச்சாத்தான் பயமா இருக்குது!"

(நீண்ட கைதட்டல்)