மருந்து டேங்கைக் கழுவிய தண்ணீர்



திருச்சி கே.கே. நகரில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களும், லால்குடி, தொட்டியம் பக்கம் வாழைக்கும் நெல்லுக்கும் மருந்து அடிப்பவர்களும் ஒரு காரியத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கிறோம். அடித்து முடித்ததும் ஸ்பிரேயரில் தண்ணீர் ஊற்றிக் குலுக்குகிறோம். பால்போல வெளுத்து வரும் அந்தத் தண்ணீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டிவிடுகிறோம். வெளுப்பு நொடியில் கரைந்துவிடும். மருந்து கரைந்து போவதில்லை.

சாக்கடையில் விட்டால் பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. அத்தகைய நிலையங்கள் வீட்டுக் கழிவுக்காகக் கட்டப்பட்டவை. பூச்சிமருந்தைச் சிதைக்க அதற்கென்றே பழகிய நுண்ணுயிர் வேண்டும், அவகாசமும் வேண்டும்.

அப்படியொரு நுண்ணுயிர் அகப்பட்டது நெல் வயலில்தான். பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டு விஞ்ஞானி சேதுநாதனும் உடன் ஆய்வாளர் யோஷிடாவும், டயசினான் எனும் பூச்சிமருந்து இட்ட வயல் நீரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1973-இல் அறிவித்தார்கள். கடும் விஷமான பாரத்தியானையும் அது உடைத்தது.

ஸ்வீடன் விவசாயிகள் 1993 முதல், நுண்ணுயிரைக் கொண்டு மருந்தைச் சிதைக்கும் இந்த வேலையை ஒரு குழிக்குள் செய்கிறார்கள். சுமார் 60 சென்டிமீட்டர் ஆழம். அடியில் களிமண். அதன்மேல் பாதி வைக்கோல், கால் பங்கு வயல் மண், கால் பங்கு பீட் எனும் மட்கிய சதுப்பு மண். மேலே புல். கழுவிய தண்ணீரை அதில் விட்டால் கலவை மருந்தைப் பிடித்து நிறுத்துகிறது. வைக்கோலைத் தின்னும் பூஞ்சைகள் சுரக்கும் நொதி, வைக்கோலின் கெட்டிப் பொருளோடு மருந்தையும் சேர்த்துச் சிதைக்கிறது. நம் சிப்பிக்காளானும் அந்தப் பூஞ்சை வகைதான். ஆனால் அந்தக் குழியில் முளைக்கும் எதையும் பறித்துச் சமைக்கக் கூடாது.

வைக்கோலுக்கு நமக்குப் பஞ்சமில்லை. பீட்டுக்குப் பதில் மக்கிய தென்னை நார்க்கழிவைச் சோதித்துப் பார்க்கலாம். குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வெட்டி, கசியாத விரிப்புப் போட்டு, மழை இறங்காமல் கூரை வேய வேண்டும். எல்லா மருந்துக்கும் இது சரிவராது. தாமிரக் கலவையில் உள்ள தாமிரம் உலோகம். அதை எந்த நுண்ணுயிராலும் சிதைக்க முடியாது. அது குழியிலேயே தங்கிவிடும்.

கழுவிய நீரால் நீர்நிலை கெடக் கூடாது என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. குழி வெட்டும்வரை காத்திருக்க வேண்டாம். தேவைக்கு மட்டும் மருந்து கலக்குங்கள். டேங்கை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் அதே பயிருக்கே அடித்துவிடுங்கள். வாய்க்காலில் மட்டும் தயவுசெய்து கழுவாதீர்கள்.