ஸ்டியரிங் லேசானால் சந்தோஷப்பட வேண்டாம்

(மாத்தளை மாவட்டத் தோட்டச் சாரதிமாரும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



லொறியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் அம்மாமார் சிலர் எழும்பிப் போகப் பார்த்தீர்கள். கொஞ்சம் இருங்கள். லொறியை ஓட்டுகிறவர் ஒருவர்தான். பின்னால் கொழுந்துச் சாக்கோடு நிற்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். ஆகவே இது உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிற சங்கதி.

பழைய லொறியின் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை கூட்டிப் போட்டு உயர்த்தி வைத்திருக்கிற தம்பிமார் நம்மிடம் ஒரு பெருமை பேசுவார்கள். "இப்ப ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இருக்குங்க, ஒத்த விரலால திருப்பலாம்" என்பார்கள். அது சுகமில்லை, வியாதியின் அறிகுறி என்பதைத்தான் நாம் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறோம்.

ஏன் உயர்த்துகிறார்கள் என்பது நமக்கு விளங்காமல் இல்லை. எல்கடுவையில், ரத்தோட்டையில், ரிவஸ்டன் பக்கத்து மலைகளில் தோட்டத்து ரோட்டு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. நடுவில் கல் முளைத்து நிற்கும், இரண்டு பக்கமும் தண்ணீர் அறுத்துக்கொண்டு போயிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகமெங்கும் மண் சரிந்து பாதைகள் உடைந்தன. வண்டியின் அடிவயிறு கல்லில் அடிபடாமல் இருக்கத்தான் உயர்த்துகிறார்கள். புது வண்டி வாங்கலாம் என்றால், 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இருபது முப்பது வருடத்துப் பழைய லொறியையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உயர்த்தின பிறகு ஸ்டியரிங்கைப் பார்க்காமல் விடுவதுதான் குற்றம்.

சைக்கிளைப் பாருங்கள். முன் சில்லைப் பிடித்திருக்கிற கவட்டை நேரே நிற்காது, மேல்பக்கம் ஆளைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். ஆஸ்பத்திரியில் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது சின்னச் சில்லு தானாகப் பின்னுக்கு வந்து நேராகிவிடும், கவனித்திருப்பீர்கள். லொறியின் முன் சில்லிலும் அதே வேலை நடக்கிறது. சில்லு திரும்புவதற்கான கிங்பின், மேல்பக்கம் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தபடி இருக்கும். இதற்குக் கராஜில் 'காஸ்டர்' என்பார்கள். இந்தச் சாய்வு இருக்கிறபடியால்தான் வளைவு முடிந்து கையைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறது. கையில் தெரிகிற அந்தக் கனமும் ஓரளவு இதிலிருந்துதான் வருகிறது.

பின்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் என்ன ஆகும்? வண்டி முழுவதும் மூக்கைக் குத்திக்கொண்டு முன்னுக்குச் சாயும். கிங்பின்னும் சேர்ந்து முன்னுக்கு வரும். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நூறு அங்குலம் இடைவெளி உள்ள லொறியில் பின்பக்கத்தை நான்கு அங்குலம் உயர்த்தினால், இரண்டு பாகைக்கு மேல் போய்விடும். பல லொறிகளில் கம்பனி வைத்த சாய்வே ஒன்றிலிருந்து நான்கு பாகைக்குள்தான். அதில் இரண்டு போனால் மிச்சம் என்ன? முன் ஸ்பிரிங்கின் ஷெக்கிள் முன்முனையில் இருக்கிற ஜீப் மாதிரி வண்டியில் நீளமான ஷெக்கிள் போட்டாலும் இதே கதைதான்.

இது ஒரு காரணம். இன்னொன்று பாரம். பத்து மூட்டை உரம், மூட்டைக்கு ஐம்பது கிலோ, மொத்தம் ஐந்நூறு கிலோ. இறக்க வசதி என்று எல்லாவற்றையும் கதவோரம், பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் அடுக்கினால், இரண்டரை மீட்டர் இடைவெளி உள்ள லொறியில் முன் சில்லிலிருந்து இருநூறு கிலோ கழன்றுவிடும். தராசுத் தட்டு மாதிரி. ஆட்கள் எல்லாரும் வாலில் தொங்கிக்கொண்டு நின்றாலும் அப்படித்தான். ஏற்றத்தில் இன்னும் குறையும். முன் சில்லில் பாரம் குறைந்தால் மழையில் நனைந்த வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்புவீர்கள், வண்டி திரும்பாது, நேரே போகும். நேரே என்ன இருக்கிறது என்று இந்த மலையில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குக் காரணம் ஸ்டியரிங் என்று நாம் சொல்லவில்லை. மலைப் பாதையில் வண்டி விலகினால் என்ன நடக்கும் என்பதற்குச் சொல்கிறோம்.

சரி, எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் டயரில் காற்றைப் பாருங்கள். முன் டயரில் அளவுக்கு மேல் அடித்திருந்தாலும் ஸ்டியரிங் லேசாகும். பிறகு வெறும் லொறியை விளையாட்டு மைதானம் மாதிரி சமமான, ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோய், இருபது கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டி, கொஞ்சம் திருப்பி, பிடியைத் தளர்த்துங்கள். கையை எடுத்துவிட வேண்டாம். தானாக நேருக்கு வந்தால் சாய்வு சரி. லேசாகவும் இருந்து திரும்பியும் வராவிட்டால் சாய்வு போய்விட்டது. கனமாக இருந்து திரும்பி வராவிட்டால் அது வேறு, கிரீஸ் காணாத கிங்பின்னாக இருக்கும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் கனத்தை நம்ப முடியாது, திரும்பி வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்து பாரத்தைப் பின் அச்சுக்கு முன்னால் வைத்து ஓட்டுங்கள். வால் கொஞ்சம் அமரும். அப்போது ஸ்டியரிங் சரியானால் உயரம்தான் காரணம். வெறும் வண்டியில் நன்றாக இருந்து, கதவோரம் ஏற்றினால் மட்டும் லேசாகிறது என்றால், கராஜுக்குச் செலவழிக்க வேண்டாம், மூட்டையை முன்னுக்குத் தள்ளினால் போதும். உயர்த்தின லொறி கொழுந்தை ஸ்டோரில் கொட்டிவிட்டு வெறுமையாக இறக்கத்தில் வரும்போதுதான் மூக்கு அதிகம் குத்தி நிற்கும். சாமான் இல்லையே என்று வேகமாக விடுவதும் அப்போதுதான்.

லேசு வேறு, ஆட்டம் வேறு. ஸ்டியரிங் ஆடுகிறது, சில்லு அசையவில்லை என்றால் அது தேய்மானம். ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, இன்னொருவர் அடியில் பார்த்தால் எந்த மூட்டு ஆடுகிறது என்று தெரியும். முன் சில்லை ஜக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின், பெயாரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ரொட். தூக்கினால் கட்டாயம் மற்றச் சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும்.

சாய்வு போன வண்டிக்கு முதல் மருந்து, கூட்டின பட்டையில் ஒன்றிரண்டைக் கழற்றுவது. மனம் வராவிட்டால், முன் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்பு ஆப்புத் தகடு வைத்து அச்சைப் பின்னுக்குச் சாய்க்கலாம். அச்சின் மேல் ஸ்பிரிங் உட்காரும் லொறியில் தகட்டின் தடித்த பக்கம் பின்னுக்கு இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் இருந்ததும் போகும். இது அளந்து, தெரிந்த பாஸ் செய்கிற வேலை. யூ போல்ட்டைச் சில நாள் ஓடின பிறகு மறுபடி இறுக்க வேண்டும். முன் அச்சில் மரக்கட்டை வைத்து உயர்த்துவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். உயர்த்தின வண்டியில் பிரேக் ஹோஸ் இழுபட்டுக்கொண்டு நிற்கிறதா என்றும் ஒருதரம் குனிந்து பாருங்கள்.

லொறியில் ஆளை ஏற்றாதே என்று சட்டம் பேசுவது சுலபம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், ஆனால் மேற்கணக்கு லயம் வரை ஏற முடியாத பாதையும் இருக்கிறது. பிரசவ வலி வந்த பிள்ளையை அந்த லொறியில்தான் கொண்டுபோகிறோம். அதனால் அம்மாமாரே, ஏறினால் வாலில் நிற்காமல் முன்னுக்கு வந்து உட்காருங்கள். "தம்பி, ஸ்டியரிங் தானா திரும்புதா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற சாரதி நம்மிடையே இல்லை என்று நினைக்கிறோம்.

அளவு நாடா கொண்டு வந்திருக்கிறோம். தேத்தண்ணி குடித்துவிட்டு, வெளியே நிற்கிற இரண்டு லொறிகளின் சட்டத்தையும் முன்னும் பின்னும் நிலத்திலிருந்து அளந்து பார்ப்போம், வாருங்கள்.