கொல்லிமலையும் குறிஞ்சிச் சொற்களும்



நெய்வேலியில் மலை இல்லை. 1956இல் நிலக்கரி நிறுவனம் அமைந்த பின்னர், சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மேல்மண் மேடுகளே இந்நகரியத்தின் குன்றுகள். இங்கிருந்து குறிஞ்சியைப் பாடும் கவிஞன் ஏட்டில்தான் மலையைக் காண்கிறான். அவன் ஒருமுறையேனும் ஏறிக் காணத்தக்கது கொல்லிமலை.

நாமக்கல் மாவட்டச் சமவெளியில் தனித்து நிற்கும் மலை அது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், 1,000 மீட்டருக்கும் உயரமான மேட்டுநிலம் விரிகிறது. அதனைத் தாங்கும் சார்னோகைட்டுப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு மூப்புடையது. நெய்வேலி நிலக்கரியாய்க் கனிந்த மரங்கள் முளைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அப்பாறை இருந்தது.

அம்மலைக்குரியவன் வல்வில் ஓரி. வன்பரணர் பாடிய வள்ளல். அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தவன் மலையமான் திருமுடிக்காரி. காரியின் திருக்கோவலூரோ நெய்வேலிக்கு வடமேற்கே, பெண்ணையாற்றங்கரையில் உள்ளது. ஆகவே கொல்லியின் கதை இப்பகுதிக்கு அயலானதன்று.

செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆயினும் கவிஞன் தேடவேண்டியது தினைப்புனத்தை. மலையாளிப் பழங்குடியினர் தினை, சாமை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றை வழிவழியாக விதைத்து வந்தனர். பிற்காலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளி அந்நிலங்களில் பெரிதும் பரவியது, சிறுதானியம் சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அம்மக்களோடு இணைந்து பழைய விதைகளைக் காக்க முயன்றது.

இது உழவர் கவலை மட்டுமன்று; கவிஞர் கவலையும் ஆகும். தினை விளையாத நிலத்தில் கிளி ஓட்டுவார் இல்லை, பரண் இல்லை, தட்டையும் கவணும் இல்லை. அச்சொற்கள் பின்னர் உரையாசிரியரின் அடிக்குறிப்பில் மட்டுமே வாழும். மரவள்ளி பயிரிடுவோரைப் பழிப்பதும் முறையன்று. பசித்த வயிற்றுக்குப் பழம்பாட்டு சோறாகாது.

நிலம் போனால் சொல்லும் போகும் என்பதை நெய்வேலிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சுரங்கத்துக்கு இடம் தந்த சிற்றூர்களின் ஏரியும் களத்துமேடும் மூத்தோர் பேச்சில்தான் எஞ்சியுள்ளன. அந்த இழப்பை அறிந்த கவிஞன் கொல்லி ஏறினால், அருவியை வியந்ததோடு திரும்ப மாட்டான். தினை விதைக்கும் முதியவளிடம் அமர்ந்து, ஒவ்வொரு கதிரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வான். பாறை தன்னைத் தானே காத்துக்கொள்ளும். புனத்தின் சொற்களைக் காப்பதற்கு ஆள் வேண்டும்.