விரட்டச் சொல்பவர்களும் விரட்டப்படுபவர்களும்



நாம்தேவ் தசாலின் நினைவில் கூடும்போது அவருடைய கவிதையைப் பேசுவது வழக்கம். இந்த முறை அவர் வாழ்ந்த தெருக்களைப் பற்றிப் பேசுகிறோம். மும்பையின் காமாத்திபுராவையும் அதையொட்டிய கோல்பிட்டாவையும் அவர் வெளியே நின்று பார்த்து எழுதவில்லை. அங்கே வளர்ந்தார், டாக்சி ஓட்டினார். 1972இல் அவருடைய 'கோல்பிட்டா' வெளிவந்தது. அதே ஆண்டில் தலித் பேந்தர் இயக்கமும் பிறந்தது. அந்தத் தெருக்களில் பாலியல் தொழில் செய்யும் பெண்களும் இருந்தார்கள், அந்தத் தொழிலோடு தொடர்பே இல்லாத உழைக்கும் குடும்பங்களும் இருந்தன. இரண்டு பக்கத்திலும் நம் மக்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். "இவர்களை எங்கள் தெருவிலிருந்து அகற்றுங்கள்" என்று குடியிருப்பவர்கள் மனுக் கொடுக்கும்போது நாம் என்ன சொல்வது? இன்று நம் முன்னால் உள்ள கேள்வி இதுதான்.

முதலில் மனுக் கொடுப்பவர்களைக் கேட்போம். இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்ணின் அருகே வண்டியை நிறுத்தி விலை கேட்கிறான் ஒருவன். பள்ளிவிட்டு வரும் பிள்ளை தரகர்களைத் தாண்டித்தான் வீட்டுப் படியேற வேண்டியிருக்கிறது. பெண் கேட்டு வருகிறவர்கள் முகவரி தெரிந்ததும் பின்வாங்குகிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞன் உறவினர் வீட்டு முகவரியை எழுதுகிறான். காமாத்திபுராக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் குறை இது. இதை 'ஒழுக்கவாதம்' என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிடும் பழக்கம் முற்போக்கு வட்டங்களில் உண்டு. நாம் அப்படி ஒதுக்கக் கூடாது. முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறும் என்பதைச் சேரியில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தொழில் அந்தத் தெருவுக்கு எப்படி வந்தது? காமாத்திபுரா என்ற பெயரே தெலுங்குப் பகுதிகளிலிருந்து கட்டட வேலைக்கு வந்த காமாத்திகளால் வந்தது. அது உழைப்பாளிகளின் குடியிருப்பு. துறைமுக நகரத்தின் மாலுமிகளுக்கும் சிப்பாய்களுக்கும் பெண்கள் வேண்டும், ஆனால் நோய் மட்டும் வரக் கூடாது என்று நினைத்த பிரிட்டிஷ் அரசு, 1868இல் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்து பெண்களைப் பதிவு செய்து கட்டாயப் பரிசோதனைக்கு இழுத்தது. ஐரோப்பியப் பெண்கள் இருந்த சுக்லாஜி தெருவை மக்கள் 'சஃபேத் கல்லி' என்றார்கள். வசதியானவர்கள் வாழும் பகுதியில் ஆகாத தொழிலை, கூலிக்காரர்கள் வாழும் பகுதியில் போலீஸ் கண்டும் காணாமல் விட்டது. குப்பைக் கிடங்கைக் கொடுங்கையூரில் வைக்கலாம் என்று முடிவெடுக்கும் அதே மூளைதான் இதையும் முடிவெடுத்தது. எனவே உள்ளாட்சி 'செயல்படவில்லை' என்பது பாதி உண்மைதான். எது எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதில் நிர்வாகம் எப்போதும் செயல்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இன்று மனுவோடு போனால் நடப்பதைப் பாருங்கள். மாநகராட்சியில் "இது போலீஸ் விவகாரம்" என்பார்கள். காவல் நிலையத்தில் "பிடிக்கிறோம், அபராதம் கட்டிவிட்டுத் திரும்ப வந்து நிற்கிறார்கள்" என்பார்கள். அவர்கள் சொல்லும் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. அதன் 8ஆம் பிரிவின்படி பொது இடத்தில் அழைத்து நிற்கும் பெண்ணுக்கு முதல் முறையே 6 மாதம் வரை சிறை. அதே பிரிவில் குற்றம் செய்த ஆணுக்கு உச்சத் தண்டனை 3 மாதம். வண்டியை நிறுத்தி விலை கேட்டவன் பெரும்பாலும் வழக்கிலேயே வருவதில்லை. மறுநாள் நாளிதழில் 'அழகிகள் கைது' என்று செய்தி வரும். அவன் பெயர் வராது. குடியிருப்பவர்களின் தொல்லைக்கு நேரடிக் காரணமானவன் அவன்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. பாலியல் தொழில் செய்யும் பெண்ணை ஒரு பகுதியை விட்டே வெளியேறும்படி நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். கான்பூர்ப் பெண்கள் சிலர் இதை எதிர்த்து வழக்காடினார்கள். நாட்டில் எங்கும் சென்று வாழும் உரிமை தங்களுக்கும் உண்டு என்றார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1963இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பொதுநலனுக்காக அந்தப் பிரிவு செல்லும் என்றது. 'பொது' என்பதற்குள் அந்தப் பெண்கள் இல்லை. ஊர்ப் பொதுக்கிணறு, பொதுப்பாதை என்ற சொற்களுக்குள் நாம் இல்லாதிருந்தது போலத்தான்.

விரட்டினால் தீருமா? கோவாவின் வாஸ்கோ நகரில் பைனா கடற்கரைக் குடியிருப்பு 2004 ஜூனில், மழைக்காலத்தில், இடித்துத் தள்ளப்பட்டது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திர, கர்நாடகப் பெண்கள். தொழில் ஒழியவில்லை. ஓரிடத்தில் இருந்தது பல தெருக்களுக்குச் சிதறியது. மருத்துவ உதவியோடு வந்துகொண்டிருந்தவர்களுக்கு அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினமானது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1990இல் மும்பையில் பிடிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ரயிலுக்கு 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்று பெயர். வந்து இறங்கியவர்களுக்குக் கிடைத்த முக்தி, காப்பகங்களின் பூட்டிய கதவு. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1986இல், இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டதும் இப்படி அடைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தத்தில்தான். நோயைக் கண்டுபிடிக்க அவர்கள் ரத்தம் பயன்பட்டது. அவர்களுக்கு வாழ்க்கை அமைத்துக்கொடுக்க எந்த ரயிலும் வரவில்லை.

அண்ணல் அம்பேத்கர் இதில் என்ன சொன்னார் என்று மாணவர்கள் கேட்பீர்கள். 1936 ஜூன் 16 அன்று மும்பை பரேலில், தாமோதர் அரங்கில், தேவதாசி, முரளி, ஜோக்தின் பெண்களிடம் அவர் பேசினார். காமாத்திபுராப் பெண்களைக் குறிப்பிட்டே, இந்த வாழ்க்கையை விட்டு வெளியே வாருங்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இதை வேலையாக ஏற்பதா, சாதி ஒடுக்குமுறையின் ஒரு வடிவமாக ஒழிப்பதா என்ற விவாதம் நம்மிடையே இன்னும் தீரவில்லை. இந்த உரை அதைத் தீர்க்கப் போவதுமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடுமையான சொல்லையும் அவர் அந்தப் பெண்களை எதிரில் அமரவைத்துச் சொன்னார். தொழிலை ஒழிப்பது வேறு, அந்தப் பெண்ணைத் தெருவை விட்டு ஒழிப்பது வேறு. எந்தப் பக்கம் நின்று வாதிடுபவர்களும் இதில் ஒன்றுபடலாம்.

அப்படியானால் மனுவில் என்ன எழுதுவது? உள்ளாட்சி தட்டிக்கழிக்க முடியாதவற்றை எழுதுவோம். 74ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த 12ஆவது அட்டவணை நகராட்சிகளின் பணிகளைப் பட்டியலிடுகிறது. தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் 17ஆவது இனம். குடிசைப் பகுதி மேம்பாடு 10, நகர்ப்புற வறுமை ஒழிப்பு 11, நலிந்த பிரிவினரின் நலனைக் காப்பது 9. தெருவில் குடியிருக்கும் குடும்பமும் தெருவில் நிற்கும் பெண்ணும் ஒரே பட்டியலுக்குள் வருகிறார்கள். போலீசைக் கைகாட்டி நகராட்சி இதிலிருந்து தப்ப முடியாது.

தெருமுனைக்கு விளக்கு, இரவிலும் திறந்திருக்கும் கழிப்பிடம், தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இரவுக் காப்பகம், விலகி வர விரும்பும் பெண்ணுக்கு வீடும் வருமானமும், வழிமறிக்கும் ஆண்கள் மீதும் மாமூல் வாங்கும் தரகர்கள் மீதும் நடவடிக்கை: இவற்றைக் கேட்போம். கொல்கத்தாவில் 1999இல் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கிலிருந்து வளர்ந்த விசாரணையில், 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பாலியல் தொழிலாளர்களுக்கும் கண்ணியமான வாழ்வுரிமை உண்டு, போலீஸ் அவர்களை மரியாதையாக நடத்த வேண்டும், ஆதார் வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவின் நகலை மனுவோடு இணையுங்கள்.

தமிழ்நாட்டில் 2022 முதல் வார்டு குழுவுக்கும் ஏரியா சபைக்கும் விதிகள் இருக்கின்றன. உங்கள் தெருவில் இப்படி ஒரு சிக்கல் இருந்தால் அந்தச் சபையைக் கூட்டச் சொல்லுங்கள். மனுவை எழுதுவதற்கு முன்னால், அதில் யாரைப் பற்றிப் புகார் எழுதப் போகிறீர்களோ அந்தப் பெண்களிடம் போய்ப் பேசுங்கள். அந்தத் தெருவில் தண்ணீர் வராதது, விளக்கு எரியாதது, போலீஸ் வந்து போகும் நேரம் எல்லாம் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்களும் கையெழுத்துப் போட்ட ஒரு மனுவை எந்த அதிகாரியும் "இது போலீஸ் விவகாரம்" என்று திருப்பிக் கொடுப்பது சுலபமல்ல.

ஜெய்பீம்.